கடலில் ஆறடி இடைவெளி

2020 மே மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து ஒரு மீன்பிடிக் கப்பல் புறப்பட்டது. நம் ஊர் விசைப்படகை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவரும் மிதக்கும் தொழிற்சாலை அது. கப்பலில் 122 பேர். ஊரே முகக்கவசத்துக்குள் இருந்த நேரம் என்பதால் ஏற்பாடுகள் கவனமாகவே நடந்தன. ஏறுவதற்கு முன்பு 120 பேருக்கு மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். ஒருவரிடமும் கிருமி இல்லை. நிம்மதியாகக் கடலுக்குப் போனார்கள். போன கொஞ்ச நாளில் ஒருவருக்கு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு உடம்பு முடியாமல் போக, கப்பல் கரைக்குத் திரும்பியது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது 104 பேருக்குத் தொற்று. நூற்றுக்கு 85 பேர்.

இதோடு நின்றிருந்தால் அந்த ஆண்டின் ஆயிரம் சோகச் செய்திகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் அந்த ரத்த மாதிரிகள் ஆய்வகத்தில் இருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மூன்று பேருடைய ரத்தத்தில், கப்பல் ஏறுவதற்கு முன்பே, வைரஸைச் செயலிழக்க வைக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அதாவது அவர்களுக்குக் கொரோனா ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதே கப்பலில், அதே சாப்பாட்டு மேசையில், அதே காற்றில் இருந்த அந்த மூவரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. இருமல்கூட வரவில்லை.

மூன்று பேர் என்பது சின்ன எண்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு இருந்த 85 சதவீத ஆபத்து இவர்களுக்கும் இருந்திருந்தால், மூவருமே தற்செயலாகத் தப்பியிருக்க முந்நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஒருமுறை வந்த நோய் மறுமுறை வராமல் காக்குமா, தடுப்பூசி போட்டால் பலன் இருக்குமா என்று உலகம் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய தடுப்பூசிச் சோதனைகளின் முடிவுகள் இன்னும் வரவில்லை. ஆன்டிபாடி மனிதரைக் காக்கிறது என்பதற்கு முதன்முதலாகக் கிடைத்த நேரடிச் சான்றுகளில் ஒன்றை அந்த மீன் கப்பல் தந்தது. 120 பேரை ஓர் அறையில் அடைத்துக் கிருமியை அவிழ்த்துவிட எந்த அறவியல் குழுவும் அனுமதி தராது. மீன்பிடித் தொழில் அந்த ஏற்பாட்டைத் தன் அன்றாட வேலையாகவே வைத்திருந்தது.

மீன்பிடிக்கிறவர்கள் தொற்றுநோய் அறிவியலுக்குப் பாடம் சொல்லித் தருவது இது முதல் தடவையும் இல்லை. வட அட்லாண்டிக்கில், ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1846-ல் அங்கே தட்டம்மை வந்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்து இறங்கிய ஒரு தச்சர் மூலம் நுழைந்தது. அப்போது தீவுகளின் மக்கள்தொகை 7,782. ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய 25 வயது டாக்டர் பீட்டர் லுட்விக் பானும், ஊர் ஊராகப் படகில் போய் யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன் அவர் எங்கே போயிருந்தார் என்று விசாரித்து எழுதிவைத்தார். ஜூன் 4-ம் தேதி ஓர் ஊரில் திமிங்கில வேட்டை. வேறொரு கிராமத்திலிருந்து பத்துப் பேர் ஒரே படகில் அந்த வேட்டைக்குப் போய் வந்தார்கள். ஜூன் 18-ம் தேதி பத்துப் பேருக்கும் ஒன்றாகத் தடிப்பு எழும்பியது. தட்டம்மைக் கிருமி உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பதை பானும் பிடித்தது இப்படித்தான். அதைவிட ஆச்சரியம், 65 ஆண்டுகளுக்கு முன் 1781-ல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர் கிழவிகள் 98 பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த முறை வரவில்லை. சியாட்டில் கப்பலின் மூன்று பேர் சொன்னதை அந்த 98 பேர் முன்பே சொல்லிவிட்டார்கள்.

சரி, கப்பலுக்குள் கிருமி எப்படி நுழைகிறது? ஏறும்போது எல்லோருக்கும் சோதனை செய்தாகிவிட்டதே?

அர்ஜென்டினாவின் ‘எச்சிசென் மாரு’ கப்பலின் கதை இதைவிடக் குழப்பமானது. அதன் ஆட்கள் கடலுக்குப் போகுமுன் 14 நாள் உஷுவாயா நகர ஓட்டல் ஒன்றில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகே ஏற்றினார்கள். 35 நாள் நடுக்கடலில் இருந்துவிட்டு 2020 ஜூலையில் திரும்பியபோது 61 பேரில் 57 பேருக்குத் தொற்று. கரையைத் தொடாத மனிதர்களுக்கு எப்படி வந்தது என்று அங்குள்ள மருத்துவர்களே தலையைச் சொறிந்தார்கள்.

மர்மம் என்று பத்திரிகைகள் எழுதின. கணக்கைப் பார்த்தால் அவ்வளவு மர்மம் இல்லை என்பது என் எண்ணம். நோய் வெளிப்பட ஆகும் நாளைப் பற்றி 2020-ன் தொடக்கத்திலேயே வெளிவந்த ஓர் ஆய்வு, பாதிப் பேருக்கு ஐந்து நாளில் அறிகுறி தெரிந்துவிடும் என்றது. 14 நாள் கண்காணித்த பின்னும் பத்தாயிரம் நோயாளிகளில் சுமார் நூறு பேருக்கு அதற்குப் பிறகுதான் அறிகுறி வரும் என்றும் சொன்னது. இது ஒரு வழி. இன்னொரு வழி, அறிகுறியே இல்லாத ஒருவர் தனிமைக் காலத்தின் கடைசி நாள்களில் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கலாம். பதினான்காம் நாள் சோதனையின்போது அந்த இரண்டாமவரின் தொற்றுக்கு இரண்டு நாள் வயதுதான் இருக்கும். மூக்கில் இன்னும் சிக்காது. தனிமை என்பது ஒவ்வொருவரையும் தனியாக வைத்தால்தான் தனிமை. ஓட்டலில் சேர்த்து வைத்தால் கடிகாரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். உஷுவாயாவில் எது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும், 61 பேர் ஏறும் கப்பலில் இப்படி ஒரே ஒருவர் தப்பிப்போனால் போதும்.

மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். நாம் பேசும்போது வாயிலிருந்து வரும் துளிகளில் பெரியவை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவை, சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று சொன்னது இவற்றுக்காகத்தான். ஆனால் அதில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள துளி, அசையாத காற்றில், ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். இன்னும் ஐந்து மடங்கு சின்னதாக இருந்தால் அரைநாள். சன்னல் திறந்த அறையில் அவை கலைந்து போய்விடும். கப்பலின் அடித்தளத்தில் சன்னல் ஏது? குளிர்ப்பதன அறையில் கதவைத் திறந்து வைக்கத்தான் விடுவார்களா? போதாக்குறைக்கு சத்தம். என்ஜினும் கம்ப்ரஸரும் ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். குரல் உயர உயர வாயிலிருந்து கிளம்பும் துகள்களும் கூடுகின்றன என்பது அளந்து பார்த்த உண்மை. குளிரில் கிருமி அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனைக் கெடாமல் வைக்கும் அதே குளிர் கிருமியையும் கெடாமல் வைக்கிறது.

பிறகு தூங்கும் இடம். மீன்பிடித் தொழிலாளர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-ல் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன் எண் 188. அதில் படுக்கைக்கு அளவு சொல்லியிருக்கிறது. 24 மீட்டருக்கு மேல் 45 மீட்டருக்குள் உள்ள கப்பலில் ஒரு ஆளுக்கான படுக்கை 198 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். படுக்கையும் பெட்டியும் போக, தலைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் தரை இருக்க வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் வரை படுக்கலாம். இது கொடுமைக்காரர்கள் எழுதியதில்லை; தொழிலாளர் பக்கம் நின்று போராடிப் பெற்ற குறைந்தபட்ச உரிமை. அந்த நல்ல கப்பலிலேயே ஒருவர் மூச்சுக்கும் அடுத்தவர் மூக்குக்கும் இடையில் ஒரு கை நீளம்தான். ஆறடி இடைவெளி என்று சுவரொட்டி ஒட்ட அங்கே ஆறடிச் சுவர் இல்லை.

இந்தக் கப்பலைக் கரையில் ஏற்றி வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, தாய்லாந்துக்குப் போக வேண்டும்.

பாங்காக்கிலிருந்து தென்மேற்கில், தா சின் ஆறு கடலில் விழும் இடத்தில், சமுத் சாகோன் என்ற மாகாணம். அந்த ஊரின் பழைய பெயர் மகாசாய். தாய்லாந்தின் கடலுணவுத் தொழிலுக்கு அதுதான் இதயம். இறால் உரிப்பு, உறைய வைப்பு, டின் மீன் எல்லாம் அங்கே. உரிக்கும் கைகளில் பெரும்பாலானவை மியான்மரிலிருந்து வந்தவை. பதிவு செய்துகொண்டவர்களே இரண்டு லட்சத்துக்கும் மேல். பதிவில்லாதவர்களை யார் எண்ணினார்கள்?

இறால் உரிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியலுக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும். நீளமான எஃகு மேசை. அதன் மேல் ஐஸ் தண்ணீரோடு இறால் குவியல். மேசையின் இரண்டு பக்கமும் தோளோடு தோள் இடிக்கப் பெண்களும் ஆண்களும் நிற்பார்கள். தலையைத் திருகி எடுத்து, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்து எடுத்தால் ஓர் இறால் முடிந்தது. கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில். ஆக, வேகம்தான் சம்பளம். ஒரு அடி தள்ளி நின்றால் குவியலுக்குக் கை எட்டாது. எட்டாவிட்டால் கிலோ குறையும். கூலியைக் கிலோவில் வைத்துவிட்டு இடைவெளியைப் பாடமாக நடத்துவதில் அர்த்தமில்லை. 2015-ல் இந்த உரிப்புக் கொட்டகைகளில் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டவர்களைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் எழுதி, அதற்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வெளிக் கொட்டகைகளை விட்டுவிட்டு உரிப்பு வேலையைத் தங்கள் ஆலைகளுக்குள்ளேயே கொண்டுவருவதாக அறிவித்தன. மேசையில் நிற்கும் இடைவெளியை யாரும் அறிவிக்கவில்லை.

2020 மார்ச்சில் தாய்லாந்து எல்லையை மூடியது. அடுத்த சில மாதங்களில் உள்ளூர்த் தொற்றே இல்லை என்னும் அளவுக்குக் கட்டுப்படுத்திவிட்டது. உலகமே அந்த நாட்டைப் பாராட்டியது. டிசம்பர் 17-ம் தேதி மகாசாய் இறால் மொத்தச் சந்தையில் கடை வைத்திருந்த 67 வயது தாய்லாந்துப் பெண்மணிக்குத் தொற்று என்று தெரிந்தது. சந்தையையும் அதையொட்டிய தொழிலாளர் குடியிருப்பையும் சோதித்தார்கள். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று ஒரே நாளில் 576 புதிய தொற்றுகள். அதில் 516 பேர் சமுத் சாகோனின் புலம்பெயர் தொழிலாளர்கள். முதலில் சோதித்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தொற்று இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட இல்லை.

இது விந்தையில்லை. வயதுதான் காரணம். கொரோனா வயது பார்த்துத் தாக்கிய நோய். இருபதுகளில் இருப்பவர் பெரும்பாலும் தெரியாமலே கடந்துவிடுவார். வேலைக்கென்று எல்லை தாண்டி வருகிறவர்கள் இளைஞர்கள்தானே? அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள். ஆக, ஒரு பெரிய குடியிருப்பு முழுவதும் கிருமி ஓடியும் ஆஸ்பத்திரிக் கதவை யாரும் தட்டவில்லை. தட்டியது அந்த 67 வயதுப் பெண்மணி. கிருமி அவரிடம் தொடங்கவில்லை, அவரிடம் தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் வியாதியை எங்கே கண்டுபிடித்தோமோ அங்கிருந்து எதிர்த்திசையில் பழியைத் திருப்புவது நமக்கு எப்போதும் எளிது. ‘பர்மாக்காரர்கள் கொண்டுவந்தார்கள்’ என்று சமூக வலைதளங்கள் கொதித்தன. சட்டவிரோதமாக எல்லை தாண்டியவர்களே காரணம் என்று பிரதமர் பிரயுத்தே சொன்னார்.

குடியிருப்பைச் சுற்றி முள்கம்பிச் சுருள் போட்டார்கள். உள்ளே சில ஆயிரம் பேர். நோயாளியும் நோயில்லாதவரும் ஒரே கட்டடத்தில். சியாட்டில் கப்பலில் நடந்தது என்னவென்று தெரிந்தவர் யாரும் செய்யத் துணியாத காரியம் இது. கம்பிக்கு வெளியே பரவாமல் தடுக்கலாம். கம்பிக்கு உள்ளே இருப்பவர்களைக் கப்பலில் ஏற்றிக் கதவைச் சாத்தியதாகத்தான் அர்த்தம். கிருமி, கம்பி போட்டவர்களையும் விடவில்லை. மாகாண ஆளுநர் வீரசக்குக்கே தொற்றி, 82 நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார்.

இந்த இடத்தில் தாய்லாந்து அரசு செய்த ஒரு காரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பதிவில்லாத தொழிலாளி சோதனைக்கு வரமாட்டார். ஏன் வருவார்? பெயர் கேட்பார்கள், காகிதம் கேட்பார்கள், பிறகு போலீஸ், பிறகு எல்லை. காய்ச்சல் வந்தால் நண்பர் அறையில் ஒளிந்துகொள்வார். அந்த அறையில் ஏற்கெனவே எட்டுப் பேர் இருப்பார்கள். விரட்டுகிற சட்டமே நோயைப் பரப்புகிற சட்டமாகிவிடுகிறது. டிசம்பர் 29-ம் தேதி அமைச்சரவை, பதிவில்லாதவர்கள் பதிவு செய்துகொண்டு 2023 பிப்ரவரி வரை தங்கி வேலை பார்க்கலாம் என்று முடிவெடுத்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். இதில் கட்டணமும் உண்டு, அதைக் கட்டக் கடன் வாங்கியவர்களும் உண்டு. கருணை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் குடியேற்றக் காகிதமும் ஒரு மருத்துவக் கருவி என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டது, முள்கம்பியைவிடப் பெரிய விஷயம். இது நடந்து ஒரு மாதத்தில், 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊருக்குத் திரும்பிப் போகும் யோசனையும் அதோடு போயிற்று.

நடுவில் பாவம், இறாலும் பழி சுமந்தது. சந்தையில் தொற்று என்றதும் இறால் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு பெய்ஜிங்கின் ஷின்ஃபாதி சந்தையில் சால்மன் வெட்டும் பலகையில் வைரஸ் தடயம் கிடைத்ததாகச் செய்தி வர, சீனத்துக் கடைகளிலிருந்து சால்மன் ஒரே இரவில் காணாமல் போனதும் இப்படித்தான். மீனுக்கோ இறாலுக்கோ இந்த வைரஸ் தொற்றுவதாக எந்தச் சான்றும் இல்லை. வெட்டுகிறவர் மூச்சு பலகையில் படும். பலகையின் மூச்சு யார் மேலும் படாது. கானா நாட்டில் தெமா துறைமுகத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் ஒரே தொழிலாளியிடமிருந்து 533 பேருக்குப் பரவியதாக அந்நாட்டு அதிபர் 2020 மே மாதம் அறிவித்தார். அங்கும் மீன் குற்றவாளி இல்லை, கூடம்தான் குற்றவாளி.

வந்தவர்களைக் கண்டு உள்ளூர்க்காரர் அஞ்சுவது எல்லா இடத்திலும் வெறும் வெறுப்பு என்றும் சொல்லிவிடக் கூடாது. அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் சால்மன் பருவத்துக்கு வெளியூர்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவார்கள். உள்ளூர்ச் சனம் ஏழாயிரம்; வருகிறவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு. 1919 வசந்தத்தில் அங்கே பரவிய ஃப்ளூ, பூர்வகுடிக் கிராமங்களில் பெரியவர்களை வாரிக்கொண்டு போய், அனாதைப் பிள்ளைகளை மிச்சம் வைத்தது. இன்றைய முதியவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளின் வாரிசுகள். அதனால்தான் 2020 ஏப்ரலில் டில்லிங்ஹாம் நகரமும் அங்குள்ள பழங்குடி மன்றமும், இந்த ஆண்டு மீன்பிடியே வேண்டாம் என்று யோசிக்கும்படி ஆளுநருக்கு எழுதின. மீன்பிடி நடந்தது, வந்தவர்களைத் தனிமைப்படுத்தி, ஆலை வளாகத்தை விட்டு வெளியே விடாமல் நடத்தினார்கள். ஊர் பெரும்பாலும் தப்பித்தது. அதற்கான விலை, ஒரு பருவம் முழுக்க ஆலைச் சுவருக்குள் அடைந்து கிடந்த தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது.

நம் ஆட்களிடம் வருவோம். தொற்றாமலே பெருந்தொற்றில் சிக்கியவர்கள் அவர்கள்.

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகளிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போவது பல பத்தாண்டுப் பழக்கம். ஈரான் கரையில் கிஷ் தீவு, சிரூயே, அசலூயே போன்ற இடங்களில் நம் ஆட்கள் லாஞ்சுகளில் வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்றால் பங்கு, விற்காவிட்டால் ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் பெரும்பாலும் முதலாளி கையில். 2020 பிப்ரவரி 19 அன்று ஈரான் தன் முதல் கொரோனா நோயாளிகளை அறிவித்தது. சில நாளில் விமானம் நின்றது, துறைமுகம் நின்றது, மீன் வாங்குகிறவர் நின்றார். நூற்றுக்கணக்கான தமிழ் மீனவர்கள் படகிலும் நெரிசலான அறைகளிலும் கிடந்தார்கள். பங்குக்குப் போனவனுக்கு முடக்கக் காலத்தில் யார் சாப்பாடு போடுவது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. ஜூன் கடைசியில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போய் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. ஈரான் தன் முதல் நோயாளியை அறிவித்து நான்கு மாதம் தாண்டியிருந்தது. கப்பலில் இடம் போதாமல் சிலரை அங்கேயே விட்டு வர வேண்டியிருந்தது.

உள்நாட்டிலும் இதே கதை. குஜராத்தின் வேராவல் துறைமுகத்தில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்து மீனவர்கள் ஆகஸ்ட் முதல் மே வரை வேலைக்குத் தங்குவார்கள். தங்குவது என்றால் வீட்டில் இல்லை, படகில். கடலிலிருந்து வந்தாலும் படுக்கை படகிலேதான். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்டிய படகுகளில் ஒரு மாதம் கிடந்தார்கள். கரை கண்ணுக்கு முன்னால் இருந்தது. இறங்க அனுமதி இல்லை. படகோடு படகு உரசிக்கொண்டு நிற்கும் துறைமுகத்தில், கொளுத்தும் வெயிலில், ஒரு படகில் ஏழெட்டுப் பேர். குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் அந்தப் படகுக்குள்ளேயே. ஏப்ரல் கடைசியில்தான் பேருந்துகள் வந்தன. அங்கே பெருந்தொற்று வெடிக்காமல் போனது அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு படகில் ஒரே ஒருவர் அந்தக் கிருமியோடு இருந்திருந்தால், உஷுவாயா கப்பலில் நடந்தது இங்கே பல மடங்காக நடந்திருக்கும்.

நாமும் இப்போது வேலை கொடுக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்பதை மறக்க வேண்டாம். கொச்சித் துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர் வெளியூர்க்காரர். தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஒடிசாக்காரரும் வங்காளத்துக்காரரும் ஆந்திராக்காரரும் வெளியூர்க்காரர். பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் ஐஸ் அள்ளுகிறவரும், பதப்படுத்தும் ஆலையில் கணவாய் வெட்டுகிறவரும் இன்று பல இடங்களில் அவர்கள்தான். படகுக்குப் பதிவு எண் உண்டு, டீசலுக்கு மானியக் கணக்கு உண்டு. படகில் யார் யார் தூங்குகிறார்கள், அவர் ஊர் எது, காய்ச்சல் வந்தால் எங்கே படுக்க வைப்பது என்பதற்கு ஏடு வைத்திருக்கும் துறைமுகத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

188-ம் எண் ஒப்பந்தத்தை தாய்லாந்து 2019 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. ஆசியாவில் முதல் நாடு அதுதான். ஆனால் அந்த ஒப்பந்தம் கப்பலில் தூங்குகிறவருக்கு. கரையில் இறால் உரிக்கிறவருக்குச் செல்லாது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்றாலும் படுக்கையின் நீள அகலமும் ஒன்றரைச் சதுர மீட்டரும் 24 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்குத்தான். அதற்குக் குறைந்த படகுகளுக்குப் போதிய இடமும் வசதியும் இருக்க வேண்டும் என்ற பொதுவான வரி மட்டுமே இருக்கிறது, அளவு இல்லை. நம் விசைப்படகுகளில் பெரும்பாலானவை 24 மீட்டருக்குக் குறைவானவை.